சென்ட்ரல் எந்தக் கைப்பக்கம்

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். கெமிக்கல் கம்பெனி பேக்கிங்கில் பதினோரு வருஷம் நின்ற ஷைனிக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. டி.வி. இருந்த நாலடி ஷெல்ஃபைக் காலி செய்து, அதன்மேல் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனைக் கட்ட ஆரம்பித்தாள். தெர்மகோலில் பிளாட்பாரம், ஐஸ் குச்சியில் கூரை, ஆன்லைனில் வாங்கிய விரல்நீள ரயில், அது போய்வர ஒரே ஒரு லைன், லைனின் இடது முனையில் 'சென்ட்ரல்' என்று எழுதிய அட்டை.

அவள் கணவன் ஜெரால்டுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ரயில் ஓடிய அன்றுதான் தலை சுற்றியது.

"இன்னா ஷைனி, தப்பா வெச்சிக்கிறே? சென்ட்ரல் வண்டி வலது கைப்பக்கம் போவும். நீ இடது பக்கமா உட்டுக்கினுகீறே."

"சரியாத்தாங்க வெச்சிக்கிறேன்."

"பதினெட்டு வருஷமா சென்ட்ரல் வண்டி ஏறி அத்திப்பட்டு பவர் பிளான்ட்டுக்குப் போய்க்கினுகீறவன் நானு. என்கிட்டயே சொல்றியா?"

ஷைனி கூரைக்குக் கோந்து தடவினாள்.

மறுநாள் காலை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், தன்னோடு வேலை செய்யும் மணிகண்டனை ஜெரால்ட் பிடித்தான். "மணி, சென்ட்ரல் இந்தக் கைதானே?" என்று வலது கையை நீட்டினான். எதிரே நின்ற மணிகண்டன் யோசித்துத் தன் இடது கையைத் தூக்கினான். இரண்டு கையும் ஒரே திசையைக் காட்டின. ஆனால் ஒன்று வலது, ஒன்று இடது.

"அய்யய்யோ, பேஜாரா கீதுப்பா" என்று மணிகண்டன் டீ வாங்கப் போய்விட்டான். ஜெரால்ட் தன் கையையே பார்த்தபடி நின்றான். ஒரு வண்டி வந்தது, கூட்டம் ஏறியது, அவனும் ஏறினான். எதிர்த்திசையில் அடுத்த ஸ்டேஷனான எளாவூர் போர்டைப் பார்த்த பிறகுதான் அது ஆந்திரா பக்கம் போகும் சூலூர்பேட்டை வண்டி என்று உறைத்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது மணி பத்து. ஷைனி வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"ஆந்திரா வண்டில ஏறிட்டீங்களே! இங்கருந்து எவ்ளோ கத்துனேன்!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அந்த ஜன்னல் பக்கம் ஜெரால்ட் போனதே கிடையாது. வெளியே தண்டவாளம், அதைத் தாண்டி பிளாட்பாரம். காத்திருந்தவர்கள் எல்லாரும் இவன் முகம் பார்த்து நின்றார்கள். ஒரு சென்ட்ரல் வண்டி கிளம்பி, இடது பக்கமாகப் போனது.

"தெனம் இங்கருந்து பாப்பியா?"

"ஆபரேஷன் ஆனதுலருந்து. நீங்க ஏறுற வரிக்கும் நின்னுக்கினுதான் இருப்பேன். நீங்கதான் போன உட்டு தலையத் தூக்க மாட்டீங்க."

ஜெரால்ட் கூடத்துக்குப் போய், ஷெல்ஃபின் ஓரத்தில் கன்னத்தைச் சுவரோடு அழுத்தி, ஒற்றைக் கண்ணால் ஸ்டேஷனைப் பின்பக்கமிருந்து பார்த்தான்.

"இப்பதான் வலது பக்கம் வருது" என்றான்.

"சரி, அப்டியே நில்லுங்க. அந்தக் கூரையக் கொஞ்சம் புடிச்சுக்குங்க, கோந்து காயட்டும்" என்றாள் ஷைனி.