சிவகுருவின் முதுகும் நாற்பத்தெட்டும்

போன மாதம் இரண்டாக இருந்த சிஆர்பி இந்த மாதம் நாற்பத்தெட்டுக்கு ஏறி நின்றது. உடம்பில் எங்காவது அழற்சி பிடித்தால் இரத்தத்தில் ஏறுகிற சாமான் அது. சிவகுருவுக்கு இதயக் குழாய் மூன்றில் அடைப்பு; இன்னும் இரண்டு கிழமையில் பைபாஸ்.

"காரணம் தெரியாமல் நெஞ்சைத் திறக்கமாட்டன். நாளைக்குள்ளை கண்டுபிடியும். இல்லாட்டில் திகதி வேறை ஆளுக்கு" என்று டொக்டர் ஆய்வுகூடத்துக்குச் சொல்லிவிட்டார். அடுத்த திகதிக்கு ஆறு மாதம். சிவகுருவின் இதயம் அதுவரை பொறுக்கும் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

ஆய்வுகூடத்துக் கோபிகா சிவகுருவின் வீடு தேடிப் புங்குடுதீவுக்கு பஸ் ஏறினாள். சொந்த ஊர் புளியங்கூடலில் அவள் பரம்பரைக்கே முதல் பட்டதாரி. ஊரெல்லாம் பார்க்கப் பட்டம் வாங்கியது வீடு வீடாகப் போய் மூத்திரம் விசாரிக்கத்தானா என்று அவளுக்கு வழியெல்லாம் எரிச்சல்.

"காய்ச்சல்?"

"இல்லைப் பிள்ளை."

"பல்லுக்குத்து?"

"பல்லே நாலுதான் மிச்சம்."

"மூத்திரம் எரியுதோ?"

"குமர்ப்பிள்ளை கேக்கிற கேள்வியே உது?"

"நெஞ்சையே பிளக்கப் போகினம் அண்ணை. இதுக்கு வெக்கப்படுறியள்."

மனுசன் கதிரை நுனியில், படம் பிடிக்க இருத்தியதுபோல விறைத்து இருந்தார்.

"சாய்ஞ்சு இருங்கோவன்."

"இதுதான் சுகம்."

வாசலில் நின்ற அவர் மனைவி அன்னப்பிள்ளை சட்டென்று குசினிக்குள் மறைந்தாள். கோபிகாவுக்குப் பொறி தட்டியது.

"சேட்டைக் கழட்டுங்கோ."

முதுகில் எட்டு ஓட்டை. மேலே திருநீறு அப்பியிருந்தது. இரண்டில் சீழ்.

"முதுகிலை செடில் கொளுக்கி குத்திக் காவடி எடுத்தனீங்களோ?"

"ஒப்பரேசன் நல்லா நடக்கோணும் எண்டு அம்பாளுக்கு நேர்த்திக்கடன், பிள்ளை."

"இரத்தம் உறையாத குளிசை போடுறனீங்கள் எல்லே?"

"அதை நாலு நாள் விட்டனான். இல்லாட்டில் இரத்தம் நிக்காதாம்."

"அதுமட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு! அந்த நாலு நாளிலை நெஞ்சு அடைச்சிருந்தால் காவடியோடை சேர்த்துத்தான் தூக்கியிருப்பினம்."

சிவகுரு குரலைத் தாழ்த்தினார். "பல்லு எண்டு எழுதிவிடும். டொக்டர் ஏசுவார்."

"ஏசட்டும். பொய்யெழுதினால் பல்லைத்தான் பிடுங்குவினம். சீழ் முதுகிலேயே இருக்கும்."

அவர் முன்னாலேயே டொக்டருக்குப் போன் எடுத்து, எட்டு ஓட்டையையும் விட்ட குளிசையையும் ஒன்று விடாமல் ஒப்புவித்தாள்.  மறுபக்கம் டொக்டர் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாரும். புண்ணைத் துப்புரவாக்கி மருந்து குடுப்பம். பத்து நாளிலை அளவு இறங்கினால் வெட்டுவன். இடம் அவருக்குத்தான்."

கோபிகா அதைச் சொல்ல, சிவகுருவின் கை தலைக்குமேல் போனது. "பாத்தீரே, அம்பாள் கைவிடேல்லை."

"போன் எடுத்தது நான் அண்ணை."

அப்போதுதான் அன்னப்பிள்ளை குசினிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"பிள்ளை, ஒப்பரேசன் முடிஞ்ச கையோடை தீ மிதிக்கிறதெண்டும் நேர்ந்திருக்கிறார். அதையும் டொக்டருக்கு இப்பவே சொல்லிவிடும்."