அண்ணன் பார்த்த சொற்பொழிவு

சொல்லாராய்ச்சி வாத்தியார் பேச எழுந்தால் கல்லூரியே காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும். ஆனால் அவர் அப்படி என்னத்தைப் பேசுகிறார் என்று கூடப்பிறந்த அண்ணனுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. அண்ணன் தையல்காரர், பிறவியிலேயே காது கேட்காது. தம்பியைப் படிக்கவைக்க மிஷினை மிதி மிதியென்று மிதித்தவர். சாப்பாடு, சட்டை, காய்ச்சல் எல்லாம் இருவரும் சைகையில் பேசிக்கொள்வார்கள். ஒரு சொல் பிறந்த கதையைச் சொல்லத்தான் வாத்தியாருக்குக் கை வராது. அண்ணனுக்கு ஒரு தடவையாவது புரியவைத்துவிட வேண்டும் என்று வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தார். இன்று அவருடைய கடைசிச் சொற்பொழிவு. அண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேடை ஓரத்தில் அண்ணன் மகள் நின்றாள். சைகை மொழிபெயர்ப்புதான் அவள் வேலை. "சித்தப்பா, மூச்சு விட்டுப் பேசுங்க. ஓடினீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்று முன்பே மிரட்டியிருந்தாள்.

எடுத்துக்கொண்ட சொல் 'ஹசில்'. விழுந்தடித்து உழைப்பதற்கு இன்றைக்கு எல்லாரும் சொல்கிற ஆங்கிலச் சொல். "டச்சுக்காரங்ககிட்டேருந்து வந்தது. முதல்ல இதுக்கு அர்த்தம் குலுக்கறது, அவ்வளவுதான்" என்று நிதானமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு நாக்கு கேட்டால்தானே? தொப்பிக்குள் காசு போட்டுக் குலுக்குகிற சூதாட்டம், கூட்டத்தில் இடித்துத் தள்ளுவது, அவசரப்படுத்துவது, ஓடியாடிச் சம்பாதிப்பது என்று பல தலைமுறைக் கதையை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று மேடை ஓரத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அசரவில்லை. இரண்டு கையையும் தொப்பியாகக் குவித்துக் குலுக்கினாள். உள்ளே காசு உருள்வது கண்ணுக்கே தெரிந்தது. குலுக்கலை நிறுத்தாமலே முழங்கையால் இல்லாத கூட்டத்தை இடித்தாள், தள்ளினாள். அதே ஆட்டத்தில் விரல்கள் ஓடத் தொடங்கின. ஓர் அர்த்தம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே பிறந்தது என்று பிரிக்கவே முடியவில்லை. வாத்தியார் பேச்சை விட்டுவிட்டு வாய் பிளந்து பார்த்தார். அடி கெட்டிக்காரி, புத்தகம் புத்தகமாக எழுதியும் எனக்கு இது வரவில்லையே என்று மனம் பூரித்தது.

அண்ணன் முகத்தில் சிரிப்பில்லை. எழுந்து நின்று மகளைப் பார்த்துக் கையசைத்தார்.

"என்னம்மா, புரியலையாமா?"

"புரிஞ்சுதாம். இதுக்குத்தான் விடிய விடியப் படிச்சியான்னு கேக்கறார்." அவள் மறுபடி அப்பாவின் கையைப் பார்த்தாள். "இன்னொரு வார்த்தை சொல்லணுமாம், சித்தப்பா. கடையைப் பூட்டிட்டுத்தான் வந்திருக்காராம். அவசரம் இல்லையாம்."