ஒட்டாத குழாய்

"மனிதகுலம் எதை எதையோ ஏமாற்றியிருக்கிறது, இரத்தத்தை மட்டும் ஏமாற்ற முடிந்ததில்லை." ஆய்வுக்கூட இயக்குநர் இதை மேடைதோறும் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். கைதட்டத் தொடங்க அவையினருக்கு அவ்வளவு நேரம் வேண்டும். சில அவைகளில் டம்ளர் காலியாகும்வரை குடித்திருக்கிறார்.

அடைத்துப்போன இரத்தக்குழாய்க்குப் பதிலாக உடம்புக்குள் வைக்கும் செயற்கைக் குழாய் செய்வது அவர் வேலை. அந்நியப் பொருள் எது பட்டாலும் இரத்தம் அதில் ஒட்டிக்கொண்டு கட்டிவிடும். ஒட்டாத குழாய் வேண்டும். அவருடைய முதல் குழாய் அக்காவின் கணவரான அத்தானின் காலுக்குள் போயிற்று. சில நாளிலேயே அடைத்தது. அந்த வாரமே அத்தான் போய்ச் சேர்ந்தார். வெளியே எடுத்த துண்டு இயக்குநரின் அறையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் மிதந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உள்ளே கட்டியிருந்த கருப்பு சில காலைகளில் கொஞ்சம் வளர்ந்தாற்போலத் தெரியும். குப்பியைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பார். குப்பிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது என்பது பிறகுதான் புத்தியில் படும்.

அக்கா ஒருமுறை அந்த அறைக்கு வந்திருந்தாள்.

"இது என்னடா தம்பி?"

"சும்மா ஒரு சாம்பிள்க்கா."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "பார்க்கவே பாவமா இருக்குடா" என்றாள்.

இப்போது அக்காவின் காலிலும் அடைப்பு. "வேற யாரு செஞ்சதும் வேண்டாம், என் தம்பி செஞ்சதையே வைங்க" என்று டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

புதுக் குழாயைச் சோதிக்க ஊழியர்கள் மூவர் இரத்தம் கொடுத்திருந்தார்கள். மூன்றும் ஒட்டின. கேன்டீன் எண்ணெய்தான் காரணம் என்று அறிவித்துவிட்டு, புகைப்படக்காரரை வரவழைத்து, சட்டைக் கையை மடித்துத் தன் கையையே நீட்டினார் இயக்குநர். ஊசியோடு நின்ற பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா சார்? சிலது இரத்தத்த ஒட்டவிடாது."

"காலையில ஒரு சத்து மாத்திரைம்மா. மத்தபடி டாக்டருங்கதான் என்னைத் தேடி வருவாங்க."

சிரிக்க வேண்டியவர்கள் சிரித்தார்கள். அவர் இரத்தம் ஓடி முடித்த குழாய் கழுவி வைத்த பளிங்குபோல் இருந்தது.

அக்காவுக்கு ஆபரேஷன் குறித்திருந்த நாள் காலையில், அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் மனைவி போன் செய்தாள்.

"மாத்திரைய மேஜை மேலயே விட்டுட்டுப் போயிட்டீங்க."

"சத்து மாத்திரைதானே, விடு."

"சத்தாம் சத்து. நெஞ்சு வலின்னு போனப்ப டாக்டர் குடுத்தாரே, இரத்தம் கட்டாம இருக்க, அது. நான் என்ன நோயாளியான்னு குதிச்சீங்க. அதான் டப்பாவ மாத்தி ஆறு மாசமா குடுத்துட்டு வரேன். இன்னிக்கு அக்காவ நினைச்சு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காருவீங்களேன்னுதான் சொல்றேன்."

போனை வைத்தார். குழாய் அவர் இரத்தத்தை ஏமாற்றவில்லை; அவர் இரத்தம் வீட்டிலேயே ஏமாற்றப்பட்டுத்தான் வந்திருந்தது. அக்காவின் இரத்தம் அப்படி அல்ல. முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பதுபோல் கேட்டது. அத்தான் கடைசியில் அப்படித்தான் நடந்தார். இயக்குநர் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் சொல்ல வாக்கியம் ஒன்றைத் தயாரித்தார். முதலில் அது 'எதிர்பாராத சில காரணிகள்' என்று தொடங்கிற்று. பல முறை வெட்டிய பிறகு 'என் சோதனை தப்பு, குழாய வைக்காதீங்க' என்று சுருங்கியது. எண்ணை அழுத்தினார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார்" என்றார் டாக்டர். "வெறும் வயித்துல இருங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்லியும் உங்க அக்கா பிஸ்கட் சாப்பிட்டுட்டாங்க. நாளைக்குத் தள்ளியாச்சு. நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"சும்மாதான். அக்கா எப்படி இருக்காங்கன்னு."

"ரொம்ப தைரியமா இருக்காங்க. தம்பி குழாய்தானே, எனக்கென்ன பயம்ங்கறாங்க."

நன்றி சொல்லிப் போனை வைத்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிற்று. அவருக்கு நல்ல பசி.