பாயில் இருந்த சூடு

"ஷூவைக் கழட்டாதீங்க மேடம். ரொம்ப நாளா ஆள் புழங்காத வீடு, கண்ணாடித் துண்டு கிடக்கும்" என்றார் தரகர் ஒனோதெரா.

சயோரிக்கு அது காதில் விழாமல் இல்லை. ஆனால் பாய் பதித்த தரையில் ஷூவோடு ஏற அவளுக்குக் கால் வரவில்லை. ஏழு மாத வயிற்றோடு குனிய முடியாமல் குனிந்து, ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனாள். ஆண்கள் இருவரும் ஷூக்காலோடு தடதடவென்று முன்னே நடந்தார்கள்.

அவள் கணவன் தொமொயாவுக்கு வாய் ஓயவில்லை. அளவு நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்தான். "இந்தச் சுவர எடுத்துட்டா சமையலறை பெருசாயிடும். அந்தக் கடைசி ரூமத்தான் மொதல்ல இடிக்கணும். குழந்தைக்கு அங்க நல்ல ஜன்னலா வெச்சிடலாம்."

பிரசவத்துக்கு முன் சொந்தமாக ஒரு வீடு. கைக்கு எட்டுவது இது ஒன்றுதான். பிடித்திருந்தால் இன்றைக்கே பத்திரத்தில் முத்திரை வைத்துவிடுவது என்று அவோமோரி நகரத்திலிருந்து புறப்பட்டு வந்திருந்தார்கள். 'ஆளில்லாத வீடு, உள்ளே இருப்பதோடு' என்று விளம்பரம். இந்தப் பக்கத்து வழக்கமே அப்படித்தான். செத்தவர்களின் போர்வையும் ஓட்டைச் சட்டியும் வாங்குகிறவன் தலையில்.

கடைசி அறையில் ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. மற்ற அறைகளில் காலுறையோடு ஒட்டிக்கொண்டு வந்த தூசி இங்கே இல்லை. சயோரி இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாதத்துக்குக் கீழே பாய் வெதுவெதுப்பாக இருந்தது. ஓர் ஆள் படுத்து எழுந்த நீளத்துக்குச் சூடு இருந்தது.

கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது. "தொமொயா, இங்க வாயேன். கீழ சூடா இருக்கு."

"வெயில் பட்டிருக்கும்."

"ஜன்னலே மூடிக் கிடக்கு. ஏது வெயில்?"

"பேய்ப்படம் பாக்காதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!" என்று சிரித்தான். ஷூ போட்ட காலுக்கு என்ன தெரியும்!

ஒனோதெரா சிரிக்கவில்லை. அவர் கண் சுவரலமாரியின் காகிதக் கதவுக்குப் போய், வெடுக்கென்று திரும்பியது. சயோரி அதைப் பார்த்துவிட்டாள்.

"உள்ள யாரு இருக்கா?"

"அது வந்து மேடம்... ஓனரோட தம்பி. சின்ன வயசுல ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்தினவரு, அப்புறம் வெளிய வரவே இல்ல. அம்மா இருந்தவரைக்கும் சோறு வெச்சாங்க. இப்ப அண்ணன் அரிசி அனுப்பறாரு. ஆள் வந்தா அலமாரிக்குள்ள போயிடுவாரு. விளம்பரத்துலதான் போட்டிருக்கோமே, உள்ள இருக்கறதோடன்னு."

"மனுஷனையுமா!" என்று அலறினாள். ஓடிவிட நினைத்து வாசல் பக்கம் திரும்பினாள்.

காகிதக் கதவு ஒரு விரல் அகலம் நகர்ந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன ஒரு குரல் வந்தது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். இந்த ரூம... பனிக்காலம் முடிஞ்சப்புறம் இடிக்க முடியுமா?"

அத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். உள்ளே மூச்சு இரைப்பது கேட்டது. தன்னைவிட அவன்தான் அதிகம் பயந்துபோயிருக்கிறான் என்று சயோரிக்குப் புரிந்தது.

கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆளுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்வான் என்று காத்திருந்தாள். தொமொயா நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தரகர் பக்கம் சாய்ந்தான்.

"பனி விழறதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிட முடியுமா? ரூம் நல்ல ரூமு."

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அலமாரிக்குள் இருந்தவன் மேல் வந்த பயம் சயோரிக்கு எங்கோ போயிருந்தது. பக்கத்தில் நிற்கும் இவனோடுதான் இந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற பயம் இப்போது பிடித்துக்கொண்டது.