கல்யாணத்துக்கு மடக்கிய கம்பிகள்

கீழ்வீடு மூத்தவள் தஹ்மீனா ராத்தாவுக்கு. மொட்டைமாடியில் நின்ற கம்பிகள் எனக்கு.

அதிராம்பட்டினத்தில் எங்கள் ஆட்கள் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பெண்கள் இருந்து மனை ஒன்றாக இருந்தால், ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீடு. வாப்பா அல்லா பிச்சை சவூதியில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். தொண்ணூற்று இரண்டில் வந்து கீழ்வீட்டை முடித்தபோது, மேல்வீட்டுத் தூண்களுக்காகக் கம்பிகளை இடுப்பு உயரத்துக்கு நீட்டி விட்டார். துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்டைப் பால்போலக் கரைத்துப் பூசினார். தெருவில் மற்றவர்கள் சாதாக் கம்பி போட்டிருந்தார்கள். வாப்பா தஞ்சாவூரிலிருந்து முறுக்குக் கம்பி இறக்கினார். ஒல்லியாக இருந்தாலும் அது கூடுதல் பாரம் தாங்கும் என்று உம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அவரைப் பார்த்துப் பிறகு தெருவில் மற்றவர்களும் அதற்கே மாறினார்கள்.

எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நான் போய்வந்த தூரமெல்லாம் அந்த மொட்டைமாடிதான். கம்பிகளுக்கு நடுவே துணி காயப்போட்டுக்கொண்டே என் வீட்டுக்குள் நடப்பேன். இங்கே அடுப்பங்கரை, இங்கே அலமாரி. தெருப்பக்கத்து இரண்டு தூண்களுக்கும் நடுவில் முன்னறை. அங்கிருந்து பார்த்தால் தென்னைகளுக்கு அப்பால் உப்பளம் வெள்ளையாகத் தெரியும். சன்னலை அந்தப் பக்கம்தான் வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் ராத்தாவுக்குக் கல்யாணம். வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்களுக்குச் சாப்பாடு மொட்டைமாடியில். ஒவ்வொரு சகனையும் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட இடம் வேண்டும்.

“தெருப்பக்கத்துக் கம்பி எல்லாம் குத்திக்கிட்டு நிக்குது. ஒருத்தி சேலை கிழிஞ்சாலும் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாளுவ,” என்றார் உம்மா நஃபீசா.

“மடக்கிட்டாப் போச்சு ராத்தா. இரும்புதானே, அப்புறம் நிமித்திக்கலாம்,” என்றார் உம்மாவின் தம்பி சுஹைப் மாமா.

பின்பக்கத் தூண்களைக் கீற்றுத் தட்டி வைத்து மறைத்தார்கள். முன்பக்கத்து இரண்டு தூண்களின் கம்பிகளை மாமா சம்மட்டியால் அடித்துத் தரையோடு படுக்க வைத்தார். அதன்மேல் பாய் விரித்துப் பந்தி நடந்தது. கல்யாணம் முடிந்ததும் ஒரு இரும்புக் குழாயைச் செருகி எல்லாவற்றையும் நிமிர்த்தினார். மறுபடியும் சிமெண்டைப் பூசினார். பார்த்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்தது. வாப்பாவிடம் சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை.

சில வருடங்கள் கழித்து எனக்குச் சம்பந்தம் பேசி முடித்த பிறகு, மேல்வீடு கட்ட வாப்பா நீண்ட லீவில் வந்தார். வந்த மறுநாள் காலையிலேயே மாடி ஏறினார். முன்பக்கத் தூணருகே குந்தி உட்கார்ந்து, கம்பியின் அடியில் பூசியிருந்ததைச் சுரண்டினார்.

“இதை யாரு மடக்குனது?”

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மாமாதான் சிரித்துச் சமாளித்தார். “மச்சான், அந்தக் கல்யாணத்துல எங்க முதுகே ஒடிஞ்சு நிமிந்துச்சு. கம்பிக்கு என்ன?”

வாப்பா குழாயைச் செருகி லேசாகத்தான் இழுத்தார். காய்ந்த முருங்கைக் கொம்பு ஒடிவதுபோல அது ஒடிந்தது. அடுத்ததும் அப்படியே. ஒடிந்த இடத்தில் பாதி பழைய துரு, பாதி புதுப் பளபளப்பு.

“முறுக்கும்போதே தன் வளைச்சலை எல்லாம் செலவழிச்சிட்ட கம்பி இது. பாரம் தாங்கும். சம்மட்டியால மடக்கி நிமித்துனா தாங்காது,” என்றார் வாப்பா.

“ஒட்டு வச்சிரலாமே மச்சான்?”

“இந்த ஒடிசல்ல ஒட்டு வச்சு அதுமேல தளம் போட்டுட்டு, நான் அங்க போயி எப்படித் தூங்குறது? பில்லரை உடைச்சு இறக்கலாம்னா, கீழ்வீட்டுத் தளம் அதுலதான் உக்காந்திருக்கு.”

“அப்ப முன்னறை?” என்றார் உம்மா.

வாப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

“மூத்தவளுக்கு நாலு அறை, இளையவளுக்கு மூணா? மாப்புள வீட்டுல பேச்சையே முறிச்சிருவாங்க,” என்றார் உம்மா.

வாப்பா என்னைப் பார்த்தார். “உனக்கு எப்படி புள்ள?”

என்னிடம் யாரும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. “அந்த இடம் தெறந்தே கெடக்கட்டும் வாப்பா. உப்பளம் தெரியும்,” என்றேன்.

“மாப்புள உப்பளத்தைப் பாக்கவா வர்றாரு?” என்றார் மாமா. உம்மா சிரிக்கவில்லை.

மூன்று அறைச் சுவர்கள் எழும்பிய சமயம் மாப்பிள்ளையின் தாயார் மெஹராஜ் பேகம் பார்க்க வந்தார். ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்துவிட்டு வெறும் முன்பக்கத்துக்கு வந்தார். உம்மா தேநீர்த் தட்டோடு பின்னாலேயே வந்தார்.

“இங்க ஏன் கட்டலே?”

வாப்பா மறைக்கவில்லை. கல்யாணப் பந்திக்கு மடக்கியதையும் நிமிர்த்தியதையும் ஒடிந்ததையும் சொன்னார். அந்த அம்மா குனிந்து ஒடிந்த முனை ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

“எங்க பெரிய மவ கல்யாணத்துக்கு நாங்களும் மடக்கித்தானே பாய் விரிச்சோம்,” என்றார் மெதுவாக. “சம்பந்தி, நாளைக்கு ஒரு எட்டு எங்க வூட்டு மாடிக்கு வந்து பாத்துட்டுப் போறீங்களா?”

அறையைப் பற்றி அதற்குப்பின் பேச்சே எழவில்லை. அந்த லீவில் வாப்பா எங்கள் தெருவின் பாதி மாடிகளில் ஏறி இறங்கினார்.

என் வீட்டுக்குத் தளம் போட்டபோது, அதற்கு மேல் நீட்டிவிட முறுக்கில்லாத சாதாக் கம்பியை வாங்கினார். அது பலத்தில் குறைவு என்பதால் ஒரு சுற்றுத் தடிமனாக.

“வெளிநாட்டுல வேலை பாத்துட்டு பழைய கம்பிக்குப் போறீங்களே மச்சான்,” என்றார் மாமா.

“நாளைக்கு இவ மவளுக்குக் கல்யாணம் வரும். நீங்க மடக்காம இருக்கப் போறதில்ல. மடக்குனா நிமிரட்டும்.”

மகள் வரை காத்திருக்கவில்லை. என் கல்யாணத்துக்கே அந்தப் புது மொட்டைமாடியில்தான் பந்தி. முதல்நாள் வாப்பா யாரையும் சம்மட்டி எடுக்க விடவில்லை. குழாயைச் செருகி, அவசரமில்லாமல், கம்பிகளை அகல வளைவாக அவரே சாய்த்தார்.

சவூதிக்குக் கிளம்பும் அன்று காலை அவற்றை நிமிர்த்தினார். ஒவ்வொரு கம்பியின் வளைவையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நான் சிமெண்ட் கரைத்த வாளியோடு பக்கத்தில் நின்றேன். எதுவும் ஒடியவில்லை. நிமிர்ந்த இடத்தில் மட்டும் லேசான நெளிவு இருந்தது. “அது இருக்கட்டும்,” என்று சொல்லி வாளியை வாங்கிக்கொண்டார்.