வேலியில் காய்ந்த துணிகள்

1

இந்தக் கதை என்னிடம் வந்தபோது இரண்டே வாக்கியங்கள்தான் இருந்தன. வாசலூர்பட்டி ஏரிக்கரையில் மிளகு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், படியைத் தலைதட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா கள்ளு வேண்டாம்னு சொன்னதாலதான் கண்ணு, நான் இன்னைக்கு உக்காந்து மொளகு விக்கறேன்." அவளுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று கள் கொடுப்பார்களாம். அது கூடாதென்று அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"வேலில காஞ்ச துணிய எண்ணிப் பாத்தாளாம்."

இன்னொரு கேள்வியும் கேட்டேன். அதன் பதிலைப் பிறகு சொல்கிறேன். மற்றதெல்லாம் நான் கட்டியது. அம்மாவுக்குச் சென்னம்மாள் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"1937இல் சேலம் மாவட்டத்துக்கு மதுவிலக்கு வந்தபோது, கொல்லிமலையில் தேவனூர் நாட்டில் ஒரு"

அடித்துவிட்டேன். சட்டம் நிறுத்திவிட்ட கள்ளை அவள் வேண்டாமென்று சொல்லத் தேவையே இல்லை. கதையை ஆறு வருடம் முன்னால், 1931க்கு நகர்த்திவைத்தேன். பிறகு:

"நாத்தனார் பாவாயி ஈவிரக்கமில்லாமல் குடுவையைச் சென்னம்மாளின் வாயில்"

இதையும் அடித்தேன். கணவனின் அக்கா பாவாயி, பிரசவம் பார்த்த கையோடு தன் வீட்டை விட்டுவிட்டு வந்து, விடியும் முன்பே எழுந்து இவளுக்காகச் சாமை குத்துகிறவள். கெட்டவள் ஒருத்தி இருந்தால் எனக்கு வேலை சுலபம். இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்.

3

சென்னம்மாள் முழுகாமல் இருப்பது தெரிந்த அன்றே அவள் கணவன் கருப்பண்ணன் காட்டோரத்துக் கூந்தல்பனை ஒன்றில் சுண்ணாம்புக் கோடு இழுத்துவைத்தான். அந்த மரத்துக் கள் பிள்ளை பெற்றவளுக்கு மட்டுமே. கோடு போட்டவனைத் தவிர வேறு யாரும் அதில் ஏறக் கூடாது. (இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று யாரிடமும் கேட்காதீர்கள். பேசத் தெரியாத ஒருவனுக்குத் தன் அன்பைக் காட்ட ஒரு மரம் வேண்டியிருந்தது. கொடுத்தேன்.)

தினமும் காலையில் பனி சொட்டச் சொட்ட மரமேறி, சுரைக்குடுவை நிறையக் கொண்டுவருவான். குளிரில் விரல் விறைத்தாலும் அதில் ஒரு வாய் குடிக்க மாட்டான். பாவாயி வாங்கி ஊற்றிக் கொடுப்பாள். பிறகு குழந்தையைப் போட்டால், அது இழுக்கும், விட்டுவிட்டு அழும், மறுபடியும் இழுக்கும். நாற்பது நாள் ஆன பெண் குழந்தை.

"எப்படி இழுக்கறா பாரு! இத்தனூண்டு இருந்துட்டுக் கன்னுக்குட்டியாட்ட முட்டறா. பாலு கொட்டுதுடி உனக்கு" என்றாள் பாவாயி.

"கொட்டறாப்பல தெரியலீங்க, நங்கையா." நாத்தனாரைச் சென்னம்மாள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"உனக்கென்ன தெரியும்? நான் நாலு பெத்தவ. நாலும் கள்ளுப் பாலுதான். சின்னவன் மட்டும் எந்திரிச்சா இன்னும் தள்ளாடறான். அது அவங்கப்பனைப் பாத்துப் பழகுனது."

சென்னம்மாளும் சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை.

4

மிளகு மூட்டையோடு முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிய கருப்பண்ணன் மழையில் மாட்டிக்கொண்டான். மலைமேல் வெயில் வந்த பிறகும் அடிவாரத்து ஓடை வடியவில்லை. வீட்டில் மூன்று நாள் கள் இல்லை.

இரண்டாம் நாள் காலை, குழந்தை நனைத்த பழஞ்சேலைக் கிழிசல்களை அலசி மூங்கில் வேலியில் போட்டுக்கொண்டே வந்த சென்னம்மாளுக்கு, வழக்கமாகத் துணி முடிகிற இடத்தில் அன்று முடியவில்லை. கையில் இன்னும் ஈரம் கனத்தது. திரும்பி எண்ணினாள். எப்போதும் ஆறு. இன்றைக்குப் பத்து. மறுநாள் பதினொன்று.

நான் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வீடே குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எத்தனை முறை இழுக்கிறது என்பதையே பாலுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது. பசியில்தான் அப்படி இழுக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே போன பால் எவ்வளவு என்பதை வெளியே வந்த ஈரம் சொல்லும் என்று, பிரசவித்து ஒன்றரை மாதமே ஆன உடம்போடு, தூக்கம் கெட்ட கண்களோடு, ஒருத்தி வேலியோரம் நின்று கண்டுபிடிக்கிறாள்.* அவளைச் சுற்றிப் பனி விலகியதா, பறவை கூவியதா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தத் துணிகளுக்கு முன்னால் அவை எதற்கு?

(* கள்ளோ சாராயமோ பாலைப் பெருக்குவதில்லை, குழந்தைக்குக் கிடைப்பதைக் குறைக்கிறது என்றுதான் இன்றைக்கு மருத்துவர்களும் சொல்கிறார்கள். அவளுக்கு அவர்கள் தேவைப்படவில்லை.)

5

கருப்பண்ணன் நனைந்து வந்தவன் நேரே மரத்துக்குத்தான் போனான். அந்தக் குடுவையை மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. குடித்தாள். மறுநாள் வேலியில் ஆறு துணி.

பாவாயியிடம்தான் முதலில் சொன்னாள்.

"துணி எண்ணிப் புள்ள வளக்கறவள இன்னைக்குத்தான் பாக்கறேன்! எனக்கும் எண்ணிச் சொல்லு சாமி, நான் எத்தன நாளைக்கு இருப்பேன்னு."

இத்தோடு ஒரு வேடிக்கைக் கதையாக முடித்திருப்பேன். ஆனால் மிளகு விற்றவள் தன்னை உயிரோடு இருப்பவள் என்று சொன்ன விதம் என்னை விடவில்லை. உயிரோடு இல்லாத ஒருவன் அவளுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும்.

இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, வேறொரு மரத்தில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குப் பிறந்தவன், அவளுடைய மூத்த பிள்ளை. அவனும் இப்படித்தான் இழுத்தான். முப்பத்திரண்டு நாள் இருந்தான். அப்போது வேலியில் எத்தனை துணி கிடந்தது? சென்னம்மாளுக்கு ஞாபகமில்லை. துணிகளை அலசிய குளிர் கையில் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை. வேலி சொல்வது சரியென்றால், அவன் தன் மடியிலேயே

[இந்த வாக்கியத்தை மூன்று நாள் திறந்து வைத்திருந்தேன். அவளும் முடித்திருக்க மாட்டாள்.]

இந்தப் பெண் குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவன் எப்படிப் போனான் என்று தெரிந்துகொண்டாக வேண்டும். தெரியாமல் இருந்துவிட அவளுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது: குடுவையை வாங்கிக் குடிப்பது.

6

"ஏனுங்க, நாளையிலிருந்து இது வேண்டாங்க."

"ஏன், புளிச்சுப் போச்சா?"

"இல்லீங்க. இதக் குடிச்சா புள்ளைக்குப் பாலு பத்தறதில்லீங்க. நீங்க இல்லாதப்ப பத்து, பதினொண்ணு துணி நனச்சா, இப்ப ஆறுதான்."

கருப்பண்ணன் சிரித்தான். "ஊரே குடிச்சு ஊரே வளந்திருக்குது."

"நாலு நாளைக்கு மரம் ஏறாதீங்க. அப்பறம் வேலிய நீங்களே எண்ணுங்க. நான் எண்ணுனா நங்கையா கேலி பண்றாங்க."

அவன் வேலியைப் பார்த்தான். ஆறு துணி. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அப்ப, பெரியவன்..." என்றான்.

சென்னம்மாள் குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். குடுவை இருவருக்கும் நடுவில் இருந்தது.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். கருப்பண்ணன் குடுவையைப் போட்டு உடைப்பது ஒன்று. (அவன் அப்படிப்பட்டவன் இல்லை.) மரத்தை வெட்டிச் சாய்ப்பது இன்னொன்று. (மரம் என்ன செய்தது?) குடுவையைப் பாவாயி எடுத்துக் குடித்துவிட்டு, "வீணாப் போறதுக்கு எனக்காச்சும் ஊறட்டும்" என்பது மூன்றாவது. அதை அவள் எப்படியும் செய்திருப்பாள்.

ஏரிக்கரையில் நான் கேட்ட இரண்டாவது கேள்வி: "அப்பா ஒத்துக்கிட்டாருங்களா?"

அவள் ஒரு பிடி மிளகைக் கொசுறாகப் போட்டாள். "அதென்னமோ கண்ணு. ஒத்துக்கறேன்னு வாயில சொன்னதில்லயாம். ஆனா அதுக்கப்பறம் எங்கம்மாவுக்குன்னு எந்த மரமும் ஏறலயாம்."

ஆகவே ஐந்தாம் நாள் காலை. சென்னம்மாள் துணிகளை விரித்துவிட்டுக் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். கருப்பண்ணன் வேலியருகே வருகிறான். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணுகிறான். ஒன்று, இரண்டு. மரம் ஏறிக் காய்த்த விரல். ஐந்து. ஆறு.

ஏழாவது துணியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அதிலிருந்து நீர் சொட்டி அவன் காலில் விழுகிறது. அதற்குப் பிறகும் வேலி நீள்கிறது, துணிகளும் இருக்கின்றன. எத்தனை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனை அடுத்த துணிக்கு நகர்த்த என்னால் முடியவில்லை. உள்ளே குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது.

நீங்கள் இப்போது அவன் பக்கத்தில் நிற்கிறீர்கள். எட்டு என்று சொல்வதானால், மெதுவாகச் சொல்லுங்கள்.