கொல்லன் கை படாத கோடரி

அத்தானுக்கு ஐம்பத்திரண்டு வயது. தன் அப்பா என்றால் இன்னும் பயம். அன்று காலை கோணிப்பையும் கையுமாக என் பட்டறைக்குள் நுழைந்தவருக்கு முகம் வெளிறிக் கிடந்தது.

"அம்மா தாயே, நீதான் என்னைக் காப்பாத்தணும்."

பையைப் பிரித்தேன். அடப்பாவி மனுஷா! அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் கோடரி. வெட்டுவாயில் கட்டைவிரல் அகலத்துக்குப் பிளந்திருந்தது. "எங்க தாத்தா காலத்துல செஞ்சது, அதுக்கப்புறம் எந்தக் கொல்லன் கையும் படல" என்று அத்தானின் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்கிற கோடரி. மறுநாள் அதை மூத்த மகனான அத்தானிடம் ஒப்படைப்பதாக இருந்தார். உடைத்தது தெரிந்தால் தம்பிக்குப் போய்விடும். அந்தத் தம்பி ஆயுசுக்கும் குத்திக்காட்டியே கொல்வான்.

"எதை வெட்டித் தொலைச்சீங்க?"

"நாளைக்கு நம்மளுதுதானேன்னு ஒரு விறகை... உள்ள ஆணி இருந்துச்சு. அப்பா சாயங்காலம் ஊர்லேருந்து வந்துடுவாரு."

"ஒரு நாள் பொறுக்க முடியல?"

"உங்கக்கா மாதிரியே கேக்கறியே!"

உலையை மூட்டினேன். பிளந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பழைய லாரி வில்லுப் பட்டையில் ஒரு துண்டு நறுக்கி வைத்து, ஒட்டுப் பிடிக்க வெண்காரம் தூவி, வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சி அடித்துச் சேர்த்தேன். காற்று ஊதும் சக்கரத்தை அத்தானையே சுற்ற வைத்தேன். வியர்த்துக் கொட்டியது. நன்றாக வேண்டும்.

ஒட்டு அருமையாகப் பிடித்தது. அந்தச் சந்தோஷத்தில் கை தன் வேலையைக் காட்டிவிட்டது. சிவப்பு அடங்குவதற்குள் எங்கள் பட்டறை முத்திரையை ஒரு போடு போடுவது வழக்கம். ஒரு முனை மழுங்கிய நட்சத்திரம், என் அப்பா விட்டுப்போன அதே அச்சு. ணங்!

"என்ன பண்ணே?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

அத்தான் கரிக்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

முத்திரையை அரம் போட்டு அழித்தால் பள்ளம் விழும். எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றி, சாணை பிடித்தேன். முத்திரையைப் புகைக்கரியைக் குழைத்து அப்பி மறைக்கலாம் என்று யோசித்தேன். பழைய கருப்பெல்லாம் உலையில் எரிந்து போயிருந்தது. மறுபக்கத்தைத் துலக்கினேன். அங்கேயும் ஒரு நட்சத்திரம். அதே மழுங்கிய முனை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரி அப்பவில்லை, அத்தானிடமும் மூச்சு விடவில்லை. கொஞ்சம் நடுங்கட்டும்.

சாயங்காலம் நானும் கூடவே போனேன். இந்த வேடிக்கையை யார் விடுவார்? வெறும் சுவருக்கு முன்னால் பெரியவர் குதித்துக்கொண்டிருந்தார். அத்தான் கையிலிருந்த கோடரியைப் பிடுங்கிப் பார்த்தார்.

"எவன் கை வெச்சது இதுல?"

"என் கைதான் மாமா."

"என்ன தைரியம் உனக்கு! எங்க தாத்தா காலத்துலேருந்து ஒருத்தன் கைகூடப் படாம..."

"கொஞ்சம் திருப்பிப் பாருங்களேன்."

திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அது எங்கப்பா போட்டது மாமா. எங்கிட்டகூட வாயைத் திறக்கல."

அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர் கூடத்துக் கதவைச் சாத்தினார். மூலையில் ஒண்டியிருந்த மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆணியா, கல்லா?"

"ஆ... ஆணிப்பா."

பெரியவர் கோடரியை மகன் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கல்லு."